வண்ணமே இல்லாத 'சாவேஜ் சோர்ட் ஆஃப் கோனன்' காமிக்ஸ் இதழில் அப்படி என்ன இருக்கிறது? இன்று வாசிக்கலாமா?

கட்டாயம் வாசிக்கலாம். எனக்கு அது கிடைத்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை ஒன்றில், அட்டை கிழிந்துபோன பெரிய சைஸ் ஆங்கில காமிக்ஸ் ஒன்றைப் புரட்டினேன். முத்து காமிக்ஸின் கருப்பு வெள்ளைப் பக்கங்களில் பழகிய கண் என்பதால் வண்ணம் இல்லாதது உறுத்தவில்லை. உள்ளே யானைத் தலையும் மனித உடலுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அங்கேயே நின்று வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். அது 1977இல் வந்த 24ஆவது இதழ் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கோனன் என்ற வாள்வீரனைப் படைத்தவர் டெக்சாஸ் எழுத்தாளர் ராபர்ட் இ. ஹோவர்ட். 1932இல் 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் முதல் கதை வந்தது. 1936இல், முப்பது வயதிலேயே, அவர் இறந்துவிட்டார். மார்வெல் 1970இல் கோனனை வண்ண காமிக்ஸாகக் கொண்டுவந்தது. ஆனால் அன்றைய அமெரிக்க காமிக்ஸுக்கு ஒரு தணிக்கை விதி இருந்தது. ரத்தம், கொடூரம் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. பத்திரிகை அளவில் அச்சிட்டால் அந்த விதி பொருந்தாது. அந்த வழியில்தான் 1974இல் இந்த இதழ் வந்தது. ராய் தாமஸ் ஆசிரியர், கதையும் பெரும்பாலும் அவரே. 1995இல் நிற்கும்போது 235 இதழ்கள் ஆகியிருந்தன.

சரி, அந்த யானைத் தலைக்காரருக்கு வருகிறேன். திருட வந்த இளைஞன் கோனன், மந்திரவாதி யாராவின் கோபுரத்தில் ஏறி ஓர் அறைக்குள் நுழைகிறான். எதிரே இருப்பது சிலை என்று நினைக்கிறான். சிலை கண் திறக்கிறது. பார்வையில்லாத கண்கள். தும்பிக்கை நீண்டு அவன் முகத்தையும் தோளையும் மெல்லத் தடவிப் பார்க்கிறது. சித்திரவதையில் முடமான கால்கள், கண்ணில் நீர். வேறு உலகத்திலிருந்து வந்து இங்கே அடிமையான உயிர் அது, யாக்-கோஷா என்று பெயர். மனித இனமே செய்த பாவம் தன் தலைமேல் விழுந்ததுபோல கோனன் கூனிக் குறுகி நிற்கிறான். வாள்வீச்சுக் கதை என்று எடுத்த எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது. பிள்ளையாரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்.

இதே கதையை 1971இல் வண்ண காமிக்ஸின் 4ஆவது இதழில் பாரி ஸ்மித் வரைந்திருக்கிறார். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் என் மனதில் நின்றது கருப்பு வெள்ளைதான். பென்சிலில் வரைந்தவர் ஜான் பஸ்செமா, அதன்மேல் மை தீட்டியவர் பிலிப்பைன்ஸ்காரரான அல்ஃப்ரெடோ அல்காலா. பஸ்செமாவின் உடல்களில் எடை இருக்கும். ஒரு மனிதன் நின்றால் தரை தாங்குவது தெரியும். அதன்மேல் அல்காலா முடிபோல மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டு நிழல் கொண்டுவருவார். கல்லின் சொரசொரப்பு, தோலின் சுருக்கம், விளக்கொளி எட்டாத மூலை எல்லாமே கோடுதான். பழைய மரச்செதுக்குப் படம் பார்ப்பதுபோல இருக்கும். தன் பென்சில் அந்த மைக்கு அடியில் மறைந்துபோகிறது என்று பஸ்செமாவுக்கு மனக்குறை இருந்தது. அவர் பக்கம் நியாயம் இருக்கலாம், ஆனால் வாசகனாக நான் அல்காலா கட்சி. அந்தக் கோடுகள்மேல் வண்ணம் பூசினால் பாதி காணாமல் போய்விடும்.

குறைகளும் இருக்கின்றன. பெண்களை வரைந்த விதம் பல இடங்களில் முகம் சுளிக்க வைக்கும். கருப்பின மக்களைக் காட்டும் விதத்தில் ஹோவர்ட் காலத்து இனவெறி அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன், தெரிந்துகொண்டு வாசியுங்கள். 1980 வாக்கில் ராய் தாமஸ் விலகியபின் கதைகளும் தளர்ந்துவிட்டன. 1990களில் அவர் திரும்பி வந்தார், ஆனால் பழைய வேகம் இல்லை.

எங்கே ஆரம்பிப்பது என்றால், முதலில் 24. அப்புறம் 5ஆவது இதழ்: பாலைவனத்தில் சிலுவையில் அறையப்பட்ட கோனன், கண்ணைக் கொத்த வரும் கழுகின் கழுத்தைப் பல்லால் கடித்துக் கொல்வான். அதற்கப்புறம் 16 முதல் 19 வரை நீளும் ஒரே கதை. ஹோவர்டின் கற்பனை இந்தியாவான வெந்தியாவின் அரசி யாஸ்மினா அதில் வருகிறாள். எனக்குப் பிடித்த பெண் பாத்திரம் அவள்தான்.

பழைய இதழ்கள் கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். டார்க் ஹார்ஸ் நிறுவனம் 22 தொகுதிகளாகக் கருப்பு வெள்ளையிலேயே மறுபதிப்பு செய்திருக்கிறது. பக்கம் மூல இதழைவிடச் சிறியது, அது ஒன்றுதான் வருத்தம். மொபைல் திரையில் மட்டும் பார்க்காதீர்கள். அல்காலாவின் கோடுகள் அதில் வெறும் சாம்பல் பூச்சாகத்தான் தெரியும்.