லாக் எங்கே போய்ச் சேர வேண்டும்? கன்டெய்னர் கிளஸ்டர் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் கிளஸ்டர் பார்த்துக்கொள்ளும் நம் ஆட்கள் ஒரு வாரமாகக் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ஒன்றுபோல இருந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். புதியவர்களுக்கு ஒரு வரி: ஆப் ஓடும்போது எழுதிவைக்கும் பதிவு வரிகள்தான் லாக். ஆப்பை அதற்கு வேண்டியவற்றோடு கட்டிய பொட்டலம் கன்டெய்னர், ஒன்றோ பலவோ கன்டெய்னர் சேர்ந்து ஓடும் அலகு பாட், அது ஓடும் கம்ப்யூட்டர் நோட், நோடுகளின் கூட்டம் கிளஸ்டர்.

கேள்வி (ஓசூர், உதிரிபாக ஆலையின் ஐடி பிரிவு): அக்கா, பாட் விழுந்தால் 'கியூப்சிடிஎல் லாக்ஸ்' அடித்துப் பார்த்துக்கொள்கிறோம். லாக்கைத் தனியாக வேறு இடத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். அந்தக் கட்டளை காட்டுவது நோடின் டிஸ்கில் கிடக்கும் ஃபைலை மட்டும்தான். ஒவ்வொரு நோடிலும் பாட்களை ஓட்டும் நிரலான க்யூப்லெட்டின் அமைப்பை நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால், ஒரு கன்டெய்னருக்கு 10 எம்பி அளவில் 5 ஃபைல் வரைதான் இருக்கும். அதைத் தாண்டினால் பழையது அழிந்துவிடும். நொடிக்கு 40 கேபி எழுதுகிற ஒரு ஆப்பை வைத்துக் கணக்குப் போடுங்கள். 50 எம்பி ஏறக்குறைய 21 நிமிடத்தில் நிரம்பிவிடும். இரவு ஷிஃப்டில் 2 மணிக்கு நடந்த கோளாறைக் காலை 9 மணிக்கு வந்து தேடினால் என்ன கிடைக்கும்? பாட்டையே அந்த நோடிலிருந்து அகற்றிவிட்டால், இருந்த கொஞ்சமும் அதோடு போய்விடும்.

கேள்வி (காவேரிப்பட்டணம், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்): ஓப்பன்ஷிஃப்ட்டில் (ரெட் ஹாட்டின் கன்டெய்னர் தளம்) கிளஸ்டர் லாக் ஃபார்வர்டர் (எந்த லாக் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இன்புட், அவுட்புட், பைப்லைன் மூன்றும் குழப்புகின்றன.

தம்பி, உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். சீசனில் மாங்காய் மண்டிக்குப் போயிருப்பீர்கள். வந்து இறங்குகிற ரகம்தான் இன்புட். லாரி போய்ச் சேருகிற இடம், கூழ் ஆலையோ வெளியூர் மார்க்கெட்டோ, அது அவுட்புட். 'பெங்களூரா இந்த லாரிக்கு, அல்போன்சா அந்த லாரிக்கு' என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் பைப்லைன். ஒரே ரகத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பலாம். சீட்டில் எழுதாத ரகம் எங்கும் போகாது. அதற்காகப் பிழைச் செய்தி எதுவும் வராது என்பதைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லாக்கில் ரகம் மூன்று: அப்ளிகேஷன் (உங்கள் ஆப்கள் எழுதுவது), இன்ஃப்ராஸ்ட்ரக்சர் (கிளஸ்டரின் சொந்தப் பாகங்கள் எழுதுவது), ஆடிட் (யார் எதைத் தொட்டார்கள் என்ற பதிவு). இதில் பலர் இடறும் ஓர் இடம் உண்டு. 'டிஃபால்ட்' என்ற நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் பாட்களைப் பிரித்துவைக்கும் பகுதி) ஓடும் பாட்கள் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் கணக்கில்தான் வரும். அவசரத்தில் உங்கள் ஆப்பை அங்கே ஏற்றியிருந்தால், அப்ளிகேஷன் லாக்கில் அதைத் தேடித் தேடிக் களைத்துப்போவீர்கள். அப்புறம், ஓப்பன்ஷிஃப்ட்டின் லாக் பாகமான லாகிங் 6 வந்த பிறகு சர்வீஸ் அக்கவுன்ட் (நிரலுக்கான கணக்கு) ஒன்றை நீங்களே உருவாக்கி, மூன்று ரகத்துக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். ஏபிஐயின் பெயரும் மாறிவிட்டது. லாகிங் 5-க்கு எழுதிய பழைய யாமல் (அமைப்பு எழுதும்) ஃபைலை எடுத்து ஒட்டினால் ஓடாது.

கேள்வி (பாலக்கோடு, வீட்டிலிருந்தே வேலை): லாக் வாங்கும் சர்வர் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டால் அந்த நேரத்து லாக் என்ன ஆகும்?

நீங்கள் கேட்டதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். முகவரி எழுதுவது பத்து நிமிட வேலை. அந்த முகவரியில் ஆள் இல்லாதபோது என்ன செய்வது என்று முடிவெடுப்பதுதான் உண்மையான வேலை.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஒரு சனிக்கிழமை இரவு லாக் சர்வரின் டிஸ்க் நிரம்பி நின்றுவிட்டது. நோடுகளில் லாக்கைப் படித்து அனுப்பும் கலெக்டரான ஃப்ளூயன்ட் பிட் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மறுமுயற்சி எண்ணிக்கையை நான் தொடவில்லை. தொடாமல் விட்டால் அது 1. அதாவது ஒருமுறை அனுப்பும், முடியாவிட்டால் இன்னொரு முறை பார்க்கும், அதுவும் முடியாவிட்டால் அந்த லாக் துண்டைக் கீழே போட்டுவிடும். திங்கட்கிழமை ஒரு வாடிக்கையாளர், ஞாயிறு மதியம் தன் கணக்கில் இரண்டு முறை பணம் பிடித்துவிட்டதாகப் புகார் சொன்னார். திரையில் சனி இரவு 11 மணி வரை வரிகள் இருந்தன. அதற்குப் பிறகு வெள்ளை. அவர் சொல்வது சரியா என்று எங்கள் பக்கம் இருந்து சொல்ல ஒரு வரிகூட இல்லை. அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் செய்வது இது. அனுப்பக் காத்திருக்கும் லாக்கைத் தேக்கும் தாங்கலை (பஃபர்) மெமரியில் வைக்காமல் டிஸ்கில் வைக்கிறேன். மறுமுயற்சிக்கு வரம்பு வைப்பதில்லை. டிஸ்க் தாங்கலுக்கு மட்டும் உச்ச அளவு கட்டாயம் வைக்கிறேன், இல்லாவிட்டால் நோடே நிரம்பிவிடும். ஒரு நோட் நொடிக்கு 200 கேபி எழுதுகிறது, நான்கு மணி நேரம் தாங்க வேண்டும் என்றால் ஏறக்குறைய 3 ஜிபி வேண்டும். அளவு நிரம்பினால் பழைய துண்டுகள்தான் முதலில் போகும். எதுவரை படித்தோம் என்று குறித்துவைக்கும் டேட்டாபேஸ் ஃபைலும் நோடின் டிஸ்கிலேயே இருக்கட்டும். அது இல்லாவிட்டால் கலெக்டர் பாட் மறுபடி எழும்போது ஃபைலின் கடைசியிலிருந்து படிக்கத் தொடங்கும், இடையில் எழுதியது போச்சு.

ஓப்பன்ஷிஃப்ட்டில் வெக்டர் என்ற கலெக்டர் ஓடுகிறது என்றால், அவுட்புட்டில் 'அட் லீஸ்ட் ஒன்ஸ்' (குறைந்தது ஒருமுறை) என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். சில வரிகள் இரண்டு முறை வரலாம். வராமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி (கிருஷ்ணகிரி, நிதி நிறுவனம்): ஆடிட் லாக்கையும் மற்றதோடு ஒரே இடத்தில் போட்டுவிடலாமா சகோதரி?

வேண்டாம். கிளஸ்டருக்குள் யார் எதைத் தொட்டார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. சாதாரண லாக்கைப் பார்க்க டெவலப்பர்கள் எல்லோருக்கும் அனுமதி கொடுத்திருப்பீர்கள். சாட்சியை அந்தக் கூட்டத்தில் வைக்கக் கூடாது. கிளஸ்டருக்கு வெளியே, அழிக்கும் உரிமை யாருக்கும் எளிதில் கிடைக்காத இடத்துக்குத் தனி பைப்லைனில் அனுப்புங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கையில் லாக் இல்லாமல் அந்த 6 மணி நேரத்தில் என்ன எழுதிக் கொடுப்பீர்கள்?

கேள்வி (தர்மபுரி): லாக்கை சிஸ்லாக் (லாக் அனுப்பும் ஒரு பொது முறை) சர்வருக்கு யுடிபி 514 போர்ட்டில் அனுப்புகிறோம். நீளமான வரிகள் பாதியில் வெட்டுப்படுகின்றன.

பழைய சிஸ்லாக் வரையறையான ஆர்எஃப்சி 3164 முறையில் ஒரு செய்தி 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். புதிய வரையறையான ஆர்எஃப்சி 5424-க்கு மாறுங்கள், யுடிபியை விட்டு டிசிபிக்கு வாருங்கள், வாங்கும் சர்வரிலும் அளவை உயர்த்துங்கள். யுடிபியில் வழியில் தொலைந்தது தொலைந்ததுதான், அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. முடிந்தால் டிஎல்எஸ் (மறையாக்கம்) போட்டு 6514 போர்ட்டில் அனுப்புங்கள்.

கேள்வி (ஓசூர்): டிஎல்எஸ் போட்டதும் 'சான்றிதழ் கொடுத்தவரைத் தெரியவில்லை' என்று பிழை வருகிறது.

உங்கள் நிறுவனத்தின் சொந்த சிஏ (சான்றிதழ் வழங்குபவர்) சான்றிதழ், சான்றிதழ், கடவுச்சொல் போன்றவற்றை வைக்கும் சீக்ரெட்டில் இல்லை. சேர்த்துவிடுங்கள். சீக்ரெட் ஃபார்வர்டர் இருக்கும் நேம்ஸ்பேஸிலேயே இருக்க வேண்டும். முகவரியில் ஐபி எழுதி, சான்றிதழில் பெயர் மட்டும் இருந்தாலும் மறுத்துவிடும்.

கேள்வி (பென்னாகரம்): ஆர்டர் எண்ணை லோக்கியில் (லாக்கைச் சேமித்துத் தேடும் மென்பொருள்) லேபிளாக வைத்தோம், தேடச் சுலபம் என்று. இப்போது எல்லாமே மெதுவாகிவிட்டது.

லேபிளின் ஒவ்வொரு மதிப்புக்கும் லோக்கி தனி ஸ்ட்ரீம் (லாக் வரிகளின் தனித் தொகுப்பு) திறக்கும். ஆயிரம் ஆர்டர் என்றால் ஆயிரம் ஸ்ட்ரீம். நேம்ஸ்பேஸ், ஆப் பெயர் மாதிரி எண்ணிக்கை குறைவானவற்றை மட்டும் லேபிளாக வையுங்கள். ஆர்டர் எண் வரிக்குள்ளேயே இருக்கட்டும், தேடும்போது வடிகட்டிக்கொள்ளலாம்.

கேள்வி (ஊத்தங்கரை): எல்லாம் சரியாக ஓடுகிறது என்று எப்படி உறுதி செய்வது அக்கா?

எண் போட்டுப் பாருங்கள். 1 முதல் 10,000 வரை, நொடிக்கு 5 வரி எழுதும் சின்ன பாட் ஒன்றை ஏற்றுங்கள். 33 நிமிடம் ஓடும். ஐந்தாவது நிமிடத்தில் வாங்கும் சர்வீஸை நிறுத்திவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து எழுப்புங்கள். இன்னொரு முறை ஓடவிட்டு, நடுவில் கலெக்டர் பாட்டையே அழித்துப் பாருங்கள். கடைசியில் போய்ச் சேர்ந்த எண்களை எண்ணுங்கள். ஓர் எண் இரண்டு முறை வந்திருந்தால் கவலை வேண்டாம். எண் விட்டுப்போயிருந்தால், விட்ட இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கலெக்டரின் சொந்த லாக்கை அதே நிமிடத்தில் திறந்து படியுங்கள்.