ஜீப் வயரிங்: வந்து வந்து போகும் கோளாறுக்குக் கேள்வி பதில்

மலைத் தோட்டத்து ஜீப்புகளின் வயரிங்கோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போனவன் நான். இன்று விடாத மழை, கையில் வேலை இல்லை. கேளுங்கள், சொல்கிறேன். ஒரே நிபந்தனை: கோளாறு எப்போது வருகிறது என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். சூடானாலா, நனைந்தாலா, குலுங்கினாலா? "சில நேரம் வருது" என்று மட்டும் சொன்னால் எனக்கும் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வால்பாறையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, பழைய டீசல் ஜீப். காலையில் செல்ஃப் ஜோரா எடுக்குது. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்தினா "டக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்து நிமிஷம் விட்டா எடுக்கும். பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டாரையும் கழற்றிச் சரி பண்ணியாச்சு. அப்படியும் போகல.

பேட்டரியும் புதுசு, மோட்டாரும் சரி என்றால் மிச்சம் இருப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. அதற்குத்தான் யாரும் காசு செலவழிப்பதில்லை! மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வை. ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் கட்டையிலேயே குத்து, மேலே இருக்கும் கிளாம்ப்பில் வேண்டாம். இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இரும்பில் வை. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையிலோ அதன் போல்ட்டிலோ கரன்ட் மூச்சுத் திணறுகிறது. அதேபோல பாசிடிவ் கட்டைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் அளந்து பார். அங்கே 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இதைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது செய்தால் எல்லாம் சரி என்றுதான் காட்டும். வண்டி மக்கர் பண்ணும் அந்தப் பத்து நிமிஷத்தில் செய்ய வேண்டும். இன்னொன்று, நாலைந்து தடவை சாவி திருப்பிய பிறகு ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பார். சுட்டால் எர்த் கெட்டதென்று முடிவு கட்டலாம். பட்டை வழியாகப் போக வேண்டிய கரன்ட் கேபிள் வழியாகத் திரும்புகிறது. கேபிள் உறை உருகிய ஜீப்பையே பார்த்திருக்கிறேன், அதன் சொந்தக்காரர் அதுவரை மூன்று கேபிள் மாற்றியிருந்தார்.

கூடலூர்: ஹெட்லைட் வயரில் மீட்டர் 12.4 காட்டுது, ஆனா லைட் எரியல. பல்பும் நல்ல பல்புதான். மீட்டர் பொய் சொல்லுமா?

பொய் சொல்லாது, பாதி உண்மை சொல்லும். மீட்டர் கரன்ட்டே இழுப்பதில்லை. இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் அது முழு வோல்ட்டையும் காட்டும். ஒற்றையடிப் பாதையில் ஆள் போகலாம், லாரி போகாது. ஹோல்டரில் மாட்டிய 21 வாட் பிரேக் பல்பு ஒன்றும் இரண்டு முழ வயரும் இருந்தால் போதும். அது 1.75 ஆம்பியர் இழுக்கும். வயரில் கொடுத்துப் பிரகாசமாக எரிந்தால் பாதை நல்லது, மினுக்கினால் கெட்டது. பல்பை எரியவிட்டபடியே வயரை கப்ளர் கப்ளராக (வயர்கள் இணையும் பிளக்) ஆட்டிக்கொண்டே போங்கள், எங்கே கண் சிமிட்டுகிறதோ அங்கே பிரியுங்கள். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

போடி: பிரேக் மிதிச்சா அதே பக்கத்து இன்டிகேட்டர் மங்கலா எரியுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு சார்.

பின் விளக்கின் எர்த். கரன்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்து ஃபிலமென்ட் வழியாகச் சுற்றிப் போகிறது. விளக்கின் அடித்தகடு பாடியில் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, தனியாக ஒரு எர்த் வயர் இழுத்து விடுங்கள். பூசாரி தேவையில்லை.

ஏற்காடு: வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரே ஃபியூஸ் போகுது. ஒவ்வொரு தடவையும் வளைவு ரோட்டில்தான். நாலு எலக்ட்ரீஷியன் பார்த்துட்டாங்க, அவங்க பார்க்கும்போது மட்டும் போக மாட்டேங்குது.

முதலில், பெரிய ஃபியூஸ் போடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 10 ஆம்பியர் இடத்தில் 30 போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும், பிறகு வண்டி எரியும்.

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அது உட்கார்ந்திருந்த இரண்டு முனையிலும் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை வயரில் மாட்டுங்கள், 55 வாட் போதும். ஷார்ட் இல்லாத நேரம் பல்பு மங்கலாக எரியும், இல்லை அணைந்திருக்கும். ஷார்ட் ஆன நொடி முழு வெளிச்சம் வரும். ஷார்ட்டே ஆனாலும் ஐந்து ஆம்பியர் அளவுக்கு மேல் கரன்ட் போகாது, வயர் பிழைக்கும். பல்பு சூடேறும், துணி, பிளாஸ்டிக் பக்கம் வைக்காதீர்கள். இனி சாவகாசமாக ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, ஆட்டலாம், இழுக்கலாம், ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பலாம். பளிச்சென்று எரியும் இடத்தில் கையை நிறுத்துங்கள்.

வளைவில் மட்டும் போகிறது என்றீர்களே, அதுவே பாதி விடை. ஸ்டீயரிங் கம்பத்தை ஒட்டிப் போகும் வயர், இல்லையென்றால் வண்டி சாயும்போது சேஸிஸில் உரசும் வயர். சேஸிஸ் ஓட்டையில் ரப்பர் வளையம் விழுந்துபோன இடங்களை முதலில் பாருங்கள். அடுத்து சைலன்சர் குழாய்க்குப் பக்கம். எலி தொல்லை இருந்தால் சீட்டுக்கு அடியிலும்.

தேனி: மூணு நாள் நிறுத்தினா பேட்டரி டவுன். சில வாரம் ஒண்ணும் ஆகறதில்ல.

சாவியை எடுத்து, கதவை மூடி, நெகடிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். மாட்டிய நிலையில் மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய ஜீப்பில் பாட்டுப்பெட்டி நினைவுக்கு ஏதோ சில மில்லி ஆம்பியர், அவ்வளவுதான் இருக்க வேண்டும். புது வண்டியில் எல்லாம் தூங்கிய பிறகு 50 மில்லிக்குள். தூங்க அரை மணி நேரம் கூட ஆகும், பொறுமையாக இருங்கள். அதிகமாகக் காட்டினால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியும் குறையவில்லையா? ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றுங்கள், பேட்டரியை முழுதாகத் துண்டித்துவிட்டு. அதற்குள் கரன்ட்டை ஒரே பக்கம் விடும் டயோடு கசிந்தால் அது இரவெல்லாம் குடிக்கும். சில வாரம் மட்டும் என்பதால் ஒட்டிக்கொள்ளும் ரிலே (கரன்ட்டால் இயங்கும் சுவிட்ச்) மீதும் எனக்குச் சந்தேகம்.

கொடைக்கானல்: பள்ளத்தில் விழுந்தா இன்ஜின் ஒரு நொடி அணைஞ்சு, தானா பிடிச்சுக்குது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல்தான்.

அந்த மாதிரி இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் கரன்ட் கேட்பது ஒரே இடத்தில்தான்: பம்ப்பில் டீசலை வெட்டும் சாலினாய்டு என்ற மின் வால்வு. சாவி ஆஃப் ஆனால் இன்ஜின் அணைவது அதனால்தான். அதன் வயரில் இருந்து, சின்ன ஃபியூஸ் ஒன்றோடு, இணை வயர் இழுத்து 5 வாட் பல்பை டேஷ்போர்டில் கண்ணில் படுகிற மாதிரி கட்டிவிடுங்கள். பள்ளத்தில் ஓட்டுங்கள், பக்கத்தில் உட்காருபவர் பல்பையே பார்க்கட்டும். இன்ஜின் திணறும்போது பல்பும் சிமிட்டினால் கோளாறு சாவி சுவிட்சிலிருந்து அங்கே வரும் வழியில். பல்பு அசையாமல் எரிந்தால் சாலினாய்டோ, டீசல் லைனில் காற்றோ. வயரிங்கைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஊட்டி: எனக்கும் அதேதான், ஆனா காமன் ரெயில் வண்டி, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தற டீசல். அந்த 21 வாட் பல்பை சென்சார் வயரில் வைக்கலாமா?

கூடவே கூடாது. கம்ப்யூட்டருக்குப் போகும் வயரில் பல்பு வைத்தால் கம்ப்யூட்டர் போகும். மஞ்சள் நிற கப்ளர் ஏர்பேக், அதைத் தொடவே வேண்டாம். வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி துளையில் 6, 14 ஆம் கால்களுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கேன் லைன் நன்றாக இருந்தால் 60 அளவில் வரும். 120 வந்தால் ஏதோ ஒரு முனை துண்டாகியிருக்கிறது. ஹார்னஸை ஆட்டும்போது எண் தாவுகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் ஸ்கேனர் வேண்டும்.

மேகமலை: ஆத்தைக் கடந்து வந்தா கப்ளரெல்லாம் சொதப்புது. வயர் ஜாயின்ட்டை சால்டர் பண்ணிட்டா நல்லதுதானே?

இதில் என் கட்சி வேறு. ஈயம் வயருக்குள் ஊறி எங்கே முடிகிறதோ அந்த விளிம்பில் வயர் விறைத்துவிடும். குலுங்கும் வண்டியில் சரியாக அங்கேதான் முறியும், உறைக்குள்ளேயே, வெளியில் தெரியாமல். நல்ல கிரிம்ப் (உலோகக் குழாயில் வைத்து நசுக்கும் இணைப்பு), அதன் மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். கறுப்பு டேப் நம் வெயிலில் ஒரே கோடையில் பிசுபிசுத்து அவிழும். கப்ளருக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்க விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மறுபடி வால்பாறைத் தம்பி: அண்ணே, மத்தியானம் ஓட்டி, மக்கர் பண்ண வச்சு, அளந்துட்டேன். எர்த் பக்கம் 2.3 வோல்ட்! ஆக்சிலேட்டர் கேபிளும் சுட்டது. பட்டை புதுசு மாதிரிதான் இருக்கு.

பட்டையைப் பார்க்காதே, அது சேஸிஸில் உட்காரும் இடத்தைப் பார். சமீபத்தில் சேஸிஸுக்கு பெயின்ட் அடித்தாயா?

ஆமாண்ணே, மழைக்கு முன்னாடி. போல்ட்டைக் கழற்றினா அடியில பெயின்ட் மேலதான் பட்டை முனையில இருக்கற லக் உட்கார்ந்திருக்கு. சுரண்டி மாட்டிட்டேன். இப்ப 0.15. சூட்டிலயும் எடுக்குது.

நல்லது. மாட்டிய பிறகு மேலே கிரீஸ் தடவு, அடியில் வேண்டாம். அந்த 0.15-ஐ பானட் உள்பக்கம் மார்க்கரில் தேதியோடு எழுதி வை.