எக்கோ வாங்குமுன், பொருத்துமுன்: படகுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கடற்கரையில் 'எக்கோ' என்றால் போதும், மீன் காட்டும் கருவி என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். கடைக்காரர் 'ஃபிஷ் ஃபைண்டர்' என்பார், கையேட்டில் 'எக்கோ சவுண்டர்' என்றிருக்கும். மூன்றும் ஒன்றே. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை திரையைப் பற்றியவை. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு விடை தண்ணீருக்குள் கிடக்கும் டிரான்ஸ்டூசரில்தான் இருக்கிறது. ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி அது. கடையில் இதைச் 'சென்சார்' என்று சொல்லி விற்பார்கள்.

கேள்வி: வள்ளத்தில் தூண்டில் தொழில் செய்கிறேன். 40 முதல் 60 பாகம் வரை போவோம், கடலடிப் பாறைத்திட்டான பாரில் நிற்கும் பார்மீன்தான் குறி. ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கருவிகள் காட்டுகிறார்கள். ஒன்று 7 அங்குலத் திரை, பக்கவாட்டுப் படமும் காட்டுமாம், '4000 வாட்' என்று அட்டையில் இருக்கிறது. மற்றது 5 அங்குலம், 600 வாட். எதை வாங்கலாம்? (குளச்சல் வாசகர்)

முதலில் அந்த 4000 வாட் கணக்கைக் கேளுங்கள். அது 'பீக் டு பீக்' (அலையின் மேல் உச்சி முதல் கீழ் உச்சி வரை) கணக்காக இருந்தால் எட்டால் வகுக்க வேண்டும். உண்மையில் அது 500 வாட் ஆர்எம்எஸ் (சராசரித் திறன்). 600 என்று எழுதியிருப்பது ஆர்எம்எஸ்தானா என்றும் பார்த்துவிடுங்கள். அட்டையில் பெரிய எண் இருப்பதால் மட்டும் கடலுக்குள் சத்தம் பெரிதாகிவிடாது.

அடுத்தது அலைவரிசை. ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர் என்றால், நீங்கள் போவது 72 முதல் 108 மீட்டர் ஆழம். பக்கவாட்டுப் படம் காட்டும் கருவிகள் 455, 800 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசையில் வேலை செய்கின்றன. 800-ஐ ஒட்டிய ஒலி உப்புநீரில் சில பத்து மீட்டரிலேயே செத்துவிடும். ஏரியில் அழகாகத் தெரியும் படம் உங்கள் 50 பாகத்தில் வராது. உங்களுக்கு வேண்டியது 50-ம் 200-ம் கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் ஓடும் கருவி.

இரண்டும் எதற்கு என்றால், ஒலி கூம்பாக விரிந்து இறங்குகிறது. 200-இல் கூம்பு குறுகல், பெரும்பாலான டிரான்ஸ்டூசர்களில் 11 முதல் 15 பாகை. 50-இல் 45 பாகை வரை விரியும். 50 பாகம், அதாவது 90 மீட்டர் ஆழத்தில், 12 பாகைக் கூம்பு தரையில் சுமார் 19 மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். 45 பாகைக் கூம்பு பார்ப்பது 75 மீட்டர் வட்டம். பாறைத்திட்டைத் தேடும்போது அகன்ற கூம்பு நல்லது. கண்டபின் அதை நம்பித் தூண்டில் போட்டால் ஏமாறுவீர்கள். அந்த 75 மீட்டருக்குள் பாறை எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. அதோடு, பாறையின் உச்சியிலிருந்து எதிரொலி முதலில் திரும்பிவிடுவதால், பக்கத்துப் பள்ளத்தில் ஒட்டி நிற்கும் கலவாயும் விளமீனும் தரைக் கோட்டுக்குள்ளேயே மறைந்துபோகும். 50-இல் தேடி, 200-க்கு மாற்றி இடம் பிடியுங்கள்.

திரையில் அங்குலத்தைவிட, மேலிருந்து கீழாக எத்தனை புள்ளிகள் என்று பாருங்கள். 480 புள்ளியில் 100 மீட்டரைக் காட்டினால் ஒரு புள்ளிக்கு 21 சென்டிமீட்டர். 320 புள்ளியென்றால் 31. தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் நிற்கும் மீன் அந்தத் திரையில் தனியாகத் தெரிய வழியே இல்லை. தரைமீனுக்கு 'பாட்டம் லாக்' அல்லது 'பாட்டம் ஜூம்' வசதி கட்டாயம் இருக்க வேண்டும். தரையிலிருந்து 10 மீட்டரை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். 5 அங்குலக் கருவியில் இந்த வசதியும் இரண்டு அலைவரிசையும் இருந்தால் அதையே எடுங்கள். மிச்சப்படும் பணம் நல்ல டிரான்ஸ்டூசருக்குப் போகட்டும்.

கேள்வி: ஃபைபர் படகு. தினமும் கரையில் ஏற்றி இறக்குகிறோம். பின்பலகையில் திருகிய சென்சார் மணலில் மோதி இரண்டு முறை உடைந்துவிட்டது. வேறு வழி உண்டா? (நாகப்பட்டினம் வாசகர்)

கரையேறும் படகுக்குப் பின்பலகை சரியான இடமே அல்ல. இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, குழாயில் கட்டி இறக்குவது. ஒன்றே கால் அங்குல ஜிஐ குழாயின் அடியில் டிரான்ஸ்டூசரைப் பொருத்தி, படகின் நடுப்பகுதியில், புரொப்பெல்லருக்கு நன்றாக முன்னால், விளிம்பில் ஒரு கீல் வைத்து மாட்டுங்கள். வேலை நேரத்தில் இறக்கி, கரைக்கு வரும்போது மடக்கிவிடலாம். டிரான்ஸ்டூசரின் முகம் படகின் அடிமட்டத்தைவிடச் சற்றுக் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் படகின் வயிறே கூம்புக்குள் வந்துவிடும். ஓடும்போது தண்ணீர் குழாயைப் பின்னுக்குத் தள்ளும். முகம் சாய்ந்தால் ஆழம் கூடுதலாகக் காட்டும். அதனால் குழாயின் கீழ்முனையிலிருந்து அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள். கீலைப் பிடிக்கும் ஆணி இரும்பாக இல்லாமல் மரமாக இருந்தால், மிதக்கும் கட்டையில் மோதும்போது ஆணி முறியும், சென்சார் பிழைக்கும்.

இரண்டாவது, படகுக்கு உள்ளேயே ஒட்டுவது. ஃபைபர் வழியாக ஒலி போகும், ஆனால் காற்றுக்குமிழி வழியாகப் போகாது. அடிப்பகுதி கெட்டி ஃபைபராக இருக்க வேண்டும். நடுவில் ஃபோமோ பிளைவுட்டோ இருந்தால் இந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒட்டுமுன் சோதித்துப் பார்க்க ஒரு வழி: டிரான்ஸ்டூசரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீர் நிரப்பி, படகின் உட்புறத்தை ஈரமாக்கி அதன்மேல் பையை அழுத்திப் பிடியுங்கள். திரையில் வருவதைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் டிரான்ஸ்டூசரைப் படகுக்கு வெளியே தண்ணீரில் பிடித்து ஒப்பிடுங்கள். கொஞ்சம் குறைவது இயல்பு. தரையே தெரியாமல் போனால் வேறு இடம் பாருங்கள். நல்ல இடம் கிடைத்ததும் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மெதுவாக இறுகும் எப்பாக்ஸி ஊற்றி, டிரான்ஸ்டூசரைத் திருகித் திருகி அழுத்துங்கள். குமிழி வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை வாங்கினால் குமிழியோடு இறுகிவிடும், பிறகு உளியால்தான் எடுக்க வேண்டும். தண்ணீர்ச் சூடு காட்டும் சென்சார் அதில் இருந்தால், அது இனி படகின் சூட்டைத்தான் காட்டும்.

பின்பலகையிலேயே வைப்பவர்களுக்கு, கரையேறாத படகாக இருந்தால்: புரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்கு வெளியே குறைந்தது 75 மில்லிமீட்டர் தள்ளி, இதழ்கள் கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில் வையுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றாகச் சுழலும் புரொப்பெல்லருக்கு அது வலப்பக்கம். முகம் அடிமட்டத்துக்குக் கீழே 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: மர விசைப்படகைக் கரையேற்றியிருக்கிறோம். அடியில் துளைபோட்டு டிரான்ஸ்டூசர் வைக்கலாமா? (தூத்துக்குடி வாசகர்)

வைக்கலாம், கரையேற்றியிருக்கும்போதுதான் வைக்க வேண்டும். மரப்படகுக்குப் பிளாஸ்டிக் உடல் கொண்டதை வாங்காதீர்கள். தண்ணீரில் மரம் ஊறிப் பருக்கும்போது பிளாஸ்டிக் கழுத்து விரிசல் விடும். வெண்கல உடல் வேண்டும். இடம், அணியத்திலிருந்து படகின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு பின்னால், ஏராவிலிருந்து (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டையிலிருந்து) 15 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி. அதற்கு நேர் முன்னால் தண்ணீர் உறிஞ்சும் துளையோ வேறு துருத்தலோ இருந்தால் குமிழி வரும். அடிப்பலகை சரிவாக இருப்பதால், சரிவுக்கு ஏற்ப மரத்தில் ஒரு தாங்கு கட்டை செதுக்கி, முகம் நேராகக் கீழே பார்க்கும்படி செய்யுங்கள். கட்டையின் முன்முனை மழுங்கலாக, மீனின் மூக்குப்போல் இருக்கட்டும். முகத்தில் சாதாரண அடிப்பெயின்ட் பூச வேண்டாம். அதில் உள்ள கரைப்பான் முகத்தைத் தின்றுவிடலாம். டிரான்ஸ்டூசருக்கென்றே விற்கும் நீர்கலந்த பூச்சை மெல்லியதாக ஒரு கை அடியுங்கள். படகு மேட்டில் நிற்கும்போது கருவியை ஓடவிட்டுப் பார்ப்பதும் கூடாது. காற்றில் அடித்துக்கொண்டே இருந்தால் டிரான்ஸ்டூசர் சூடாகிக் கெடும்.

கேள்வி: எஞ்சினை ஓடவிட்டதும் திரை முழுக்கக் கோடு கோடாக வருகிறது. கருவி பழுதா?

எஞ்சினை நிறுத்தி, வெறும் பேட்டரியில் பாருங்கள். கோடு மறைந்தால் கருவி நலம். மறுபடி எஞ்சினை ஓடவிட்டு, கியர் போடாமல் வேகத்தை ஏற்றுங்கள். கோடும் கூடினால் டைனமோவின் மின்குறுக்கீடு. கியர் போட்டு ஓடும்போது மட்டும் படம் கலைந்தால் அது குமிழி, டிரான்ஸ்டூசரின் இடம்தான் தவறு. விளக்குகளையும் இன்வெர்ட்டரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான எல்இடி விளக்கு பலமுறை பிடிபட்டிருக்கிறது.

மின்குறுக்கீடானால், எக்கோவின் மின்கம்பியை நேராகப் பேட்டரிக்கு இழுங்கள், நடுவில் கையேடு சொல்லும் அளவு ஃபியூஸ் போட்டு. ஸ்டார்ட்டர் பேட்டரியைத் தொடாமல் தனிப் பேட்டரி இருந்தால் இன்னும் நல்லது. கருவி 1 ஆம்பியர் இழுத்தால் பத்து மணி நேர இரவுக்கு 10 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணிப் பேட்டரி தாராளம். கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரமாக இருக்கட்டும். டிரான்ஸ்டூசர் கேபிளை மற்ற கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள், மிச்ச நீளத்தை வெட்டவும் வேண்டாம். ஒட்டுப்போட்ட இடத்தில்தான் உப்புத்தண்ணீர் முதலில் நுழையும்.

சரிவான புள்ளிக்கோடுகள் வந்து வந்து போனால், பக்கத்தில் இதே அலைவரிசையில் இன்னொரு படகு ஓடுகிறது. பிற கருவியின் ஒலியைத் தள்ளிவிடும் 'இன்டர்ஃபியரன்ஸ் ரிஜெக்ட்' போடுங்கள், அல்லது மற்ற அலைவரிசைக்கு மாறுங்கள்.

கேள்வி: திரையில் மீன் நிறையத் தெரிகிறது, தூண்டில் போட்டால் ஒன்றுமில்லை. சில நாள் திரையில் ஒன்றுமே இல்லை, ஆனால் நெய்மீன் கிடைக்கிறது. எதை நம்புவது?

முதலில் மீன் படம் போடும் வசதியை அணையுங்கள். தண்ணீரில் மிதக்கும் எதையும் கருவி மீனாக வரைந்துவிடும். வெறும் எதிரொலியைப் பார்க்கப் பழகுங்கள்.

திரையின் வலது ஓரம் மட்டுமே இப்போது. மற்றதெல்லாம் கடந்துவந்த இடம். 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) வேகத்தில் 30 வினாடியில் படகு 77 மீட்டர் போய்விடும். கூட்டம் திரையின் நடுவுக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்து தூண்டிலை இறக்கினால் வெறும் தண்ணீரில் இறக்குகிறீர்கள். வலது ஓரத்தில் தெரிந்த அந்த நொடியே ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) கணக்கில் எடுங்கள். ஈயம் வினாடிக்கு 1 மீட்டர் இறங்குவதாக வைத்தால் 90 மீட்டருக்கு ஒன்றரை நிமிடம். ஒரு நாட் நீவாட்டில் அதற்குள் படகும் கயிறும் 45 மீட்டர் தள்ளிப்போகும். குறித்த இடத்துக்கு அந்த அளவு மேல்நீவாட்டில் போய் இறக்குங்கள்.

நெய்மீன் தெரியாததற்குக் காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. மீனிலிருந்து திரும்பும் எதிரொலியில் பெரும்பங்கு அதன் காற்றுப்பையிலிருந்து வருகிறது. நெய்மீனுக்கும் சூரையில் சில வகைகளுக்கும் காற்றுப்பை கிடையாது. சுறா, திருக்கை, ஊசிக்கணவாய் எதற்கும் கிடையாது. இவை மங்கலாகத்தான் தெரியும். சின்னச் சாளைக்கூட்டமோ சிவப்பாக எரியும். ஆகவே நெய்மீனைத் திரையில் தேடாதீர்கள், அதன் இரையைத் தேடுங்கள். சாளை, நெத்திலிக் கூட்டம் திடீரென்று சிதறியோ, இறுகிப் பந்தாகியோ தெரிந்தால் ஏதோ துரத்துகிறது.

வளைவாக, புருவம்போல் தெரிவது கூம்பின் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறும் ஒற்றை மீன். படகு நின்றால் அதே மீன் நீண்ட கோடாகத் தெரியும். நீளத்தை வைத்து 'பெரிய மீன்' என்று எண்ண வேண்டாம், கோட்டின் தடிப்பையும் நிறத்தையும் பாருங்கள். மாலையில் ஒரு மங்கல் படலம் ஆழத்திலிருந்து மேலேறுவதைக் காண்பீர்கள். அது பெரும்பாலும் மிதந்து திரியும் சிற்றுயிர்களும் சிறு இறால்களும், இருட்டினதும் மேலே வருபவை.

தரையையும் படிக்க வேண்டும். தரையின் ஆழத்தைப் போல் இருமடங்குக்கு மேல் ரேஞ்ச் (திரை காட்டும் ஆழ எல்லை) வைத்தால், 20 மீட்டர்த் தரைக்கு 40-இல் இன்னொரு தரை தெரியும். ஒலி இரண்டு முறை போய்வந்த நிழல் அது. இரண்டாம் கோடு பளிச்சென்றால் பாறையோ கெட்டி மணலோ, மறைந்தால் சேறு. அலை அடிக்கும் நாளில் சமமான மணல்கூட ரம்பப்பல்லாகத் தெரியும். பல்லின் இடைவெளி படகு ஏறி இறங்கும் தாளத்தோடு ஒத்துப்போனால் அது பார் அல்ல.

கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, கையால் வையுங்கள். திரை முழுக்கத் தூசி தெரியும்வரை ஏற்றி, தூசி அடங்கும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். ஆழம் மாறும்போது மறுபடி.

கேள்வி: பாக் நீரிணைக்குள் வலைத்தொழில். எக்கோ தேவையா? (இராமேசுவரம் வாசகர்)

அங்கே ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள். 8 மீட்டரில் 12 பாகைக் கூம்பு பார்ப்பது 1.7 மீட்டர் வட்டம். அது கூட்டத்தைத் தேடித் தராது. வலை சிக்கும் பாறையையும் மேட்டையும் அறிய உதவும், அவ்வளவே. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நல்ல ஜிபிஎஸ் வாங்குங்கள்.

கேள்வி: ஆறு மாதமாக நன்றாக இருந்தது, இப்போது ஆழத்தில் தரை விட்டு விட்டுத் தெரிகிறது.

டிரான்ஸ்டூசர் முகத்தில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) ஏறியிருக்கும். பிளாஸ்டிக் தகட்டால் தள்ளி எடுத்து, மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். கத்தி வேண்டாம், பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். அதற்கும் சரியாகாவிட்டால் கருவியின் பின்னால் உள்ள பிளக்கைக் கழற்றி, ஊசிகளில் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள்.