ஒரு கணினி அமைப்பு வெற்றி பெற்றதா என்பதை எதை வைத்துச் சொல்வது?

தகவல் அமைப்பு என்பது வெறும் சாஃப்ட்வேர் இல்லை. அதில் ஏறும் தரவு, அதை இயக்கும் ஆள், நடைமுறை எல்லாம் சேர்ந்தது. அதனால்தான் அதன் வெற்றியை ஒரே எண்ணில் அளக்க முடிவதில்லை. டிலோன், மெக்லீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் தந்து 2003-இல் திருத்திய மாதிரி (மாடல்) இதற்குப் பெயர்பெற்றது. அமைப்பு, தகவல், உதவிச் சேவை மூன்றும் தரமாக இருந்தால் மக்கள் பயன்படுத்துவார்கள், திருப்தி அடைவார்கள், பலன் கிடைக்கும் என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பில் போடும் பிஓஎஸ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பில் போட்டதும் செல்போனுக்கு எஸ்எம்எஸ் வருகிறது. வாங்காத சர்க்கரைக்கும் எஸ்எம்எஸ் வந்தால்? கருவி பழுதில்லாமல்தான் ஓடியிருக்கிறது; தகவல்தான் பொய். ரேகை தேய்ந்து, விரல் பதியாமல் திரும்பிப் போகும் பாட்டியோ அன்றைய பில் கணக்கில் வரவே மாட்டார். என்னைக் கேட்டால், முதலில் எண்ண வேண்டியது இவர்களைத்தான்.

பயன்பாட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டிப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. ஊருக்கு ஒரே பஸ் என்றால் அது நிரம்பித்தான் வரும்.

பலரும் குழப்பிக்கொள்வது இன்னொன்று: பட்ஜெட்டுக்குள், சொன்ன தேதியில் முடித்துக் கொடுப்பது அதை உருவாக்கும் திட்டத்தின் வெற்றி; அமைப்பின் வெற்றியையோ, மக்கள் கொஞ்ச காலம் புழங்கிய பிறகுதான் அளக்கவே தொடங்க முடியும்.