42 ஜிஇவி-யில் ஒரு மேடு: புதிய துகளா, வரம்பின் வேலையா?

கேள்வி: இளநிலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். செர்ன் ஆய்வகம் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் சிஎம்எஸ் (புரோட்டான் மோதல்களைப் பதிவு செய்யும் கருவி) தரவிலிருந்து, 2010-இல் பதிவான ஒரு லட்சம் இரட்டை மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்) நிகழ்வுகள் உள்ள கோப்பை இறக்கி, ஜோடிகளின் நிறையை வரைபடமாகப் போட்டேன். ஒவ்வொரு மியூவானின் குறுக்கு உந்தமும் 20 ஜிஇவி-க்கு (துகள்களின் நிறையையும் உந்தத்தையும் அளக்கும் அலகு) மேல் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்ததும் 42 ஜிஇவி அருகே ஒரு மேடு எழுந்தது. வரம்பு 10 ஆக இருந்தபோது அது இல்லை. கணக்குப் போட்டால் 3.1 சிக்மா (தற்செயலாக வருவது எவ்வளவு அரிது என்பதன் அளவு) வருகிறது. தேடிப் பார்த்ததில், அந்த நிறையில் ஒரு துகளைச் சொல்லும் கோட்பாட்டுக் கட்டுரையும் கிடைத்தது. கட்டணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுவதாக ஒரு ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மேட்டுக்கான விளக்கம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. குறுக்கு உந்தம் என்பது புரோட்டான் கற்றைக்குக் குறுக்கே பாயும் உந்தம். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டு மியூவான்களும் எதிரெதிர் திசையில் பறக்கும். அப்படிப் பறக்கும் இரண்டுக்கும் தலா 20 இருந்தால், ஜோடியின் நிறை குறைந்தது 40 ஆகிவிடும். அதாவது 20 என்று வரம்பு வைத்த நொடியே, 40-க்குக் கீழே இருந்த ஜோடிகளில் பெரும்பகுதியை நீங்களே வெளியே தள்ளிவிட்டீர்கள். நிறை கூடக்கூட ஜோடிகளின் எண்ணிக்கை இயல்பாகவே சரியும். இடப்பக்கம் நீங்கள் வெட்டிய பள்ளம், வலப்பக்கம் இயற்கையான சரிவு. நடுவில் மிஞ்சுவதுதான் உங்கள் மேடு, அது 40-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதன் மேல் வழவழப்பான ஒரு வளைகோட்டைப் பொருத்தினால் 3 சிக்மா என்ன, சில சமயம் 6 கூட வரும்.

சோதிப்பது எளிது. வரம்பை 25 ஆக்கி மறுபடி வரையுங்கள். மேடு 50-ஐ நோக்கி நகர்ந்தால் அது உங்கள் வரம்பு செய்த வேலை. உண்மையான துகள் நகராது. ஏற்கெனவே நன்கு அறிந்த இசட் துகளைப் பாருங்கள். வரம்பு 10 ஆனாலும் 25 ஆனாலும் 91 ஜிஇவி-யிலேயே அசையாமல் நிற்கும். 10 வைத்தபோது 42-இல் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது 20-ஐ ஒட்டிய பகுதி எப்படி இருந்தது என்று பார்த்தீர்களா? இன்னொன்றும் யோசியுங்கள். வரம்பைத் தளர்த்தினால் நிகழ்வுகள் கூடுமே தவிர, இருந்த நிகழ்வு ஒன்றுகூட காணாமல் போகாது. பின்னணி (மற்ற சாதாரண ஜோடிகள்) ஏறி மேட்டை மறைக்கலாம், அவ்வளவுதான்.

வரம்பு நீங்கள் வைத்தது மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். துகள்களை மோதவிடும் செர்னின் மோதுவிப்பானில் புரோட்டான் கொத்துகள் நொடிக்கு 4 கோடி முறை வரை ஒன்றையொன்று கடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். சேமிக்க முடிவது அதில் மிகச் சிறு துளி. எதை வைப்பது, எதை விடுவது என்று ட்ரிகர் என்ற அமைப்பு அந்தந்த நொடியிலேயே முடிவு செய்துவிடும். ட்ரிகரிலும் உந்த வரம்புகள் உண்டு. ஆகவே கோப்பு உங்கள் கைக்கு வருமுன்பே பலமுறை சல்லடையில் விழுந்து வந்தது. ஒரு லட்சம் நிகழ்வுகள் கொண்ட அந்த அட்டவணை கல்விக்காகத் தேர்ந்தெடுத்தது, ஆய்வுக் கட்டுரைகளின் தேர்வு விதிகள் வேறாக இருக்கலாம் என்று அதன் பக்கத்திலேயே குறிப்பு உண்டு. யாரும் அதைப் படிப்பதில்லை. படிக்கும்படி எழுதி வைப்பதும் இல்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். முழுத் தரவை எடுத்தால் பழைய மென்பொருள் பதிப்பை ஒரு கன்டெய்னருக்குள் (பழைய கணினிச் சூழலை அப்படியே உருவாக்கும் மென்பொருள் பெட்டி) ஓட்டவேண்டும். விளக்கங்கள் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும். திறந்து வைத்தால் போதாது, உள்ளே வர வழியும் போட வேண்டும்.

சரி, மேடு நகரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 3.1 சிக்மா என்றால் ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு, அது தற்செயலாக வராது என்று நினைக்கிறீர்கள். 42-ஐ மட்டும் பார்த்திருந்தால் அது சரி. ஆனால் நீங்கள் 10-இலிருந்து 110 வரை எங்கே எழும்புகிறது என்று தேடினீர்கள். 2 ஜிஇவி அகலத்தில் எடுத்தால் 50 சன்னல்கள். எங்காவது ஒன்றில் தற்செயலாக இவ்வளவு பெரிய மேடு வரும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கு அருகே வந்துவிடுகிறது. வரம்பை மாற்றி மாற்றிப் பார்த்த ஒவ்வொரு முறையும் அது இன்னும் கூடும். இந்தத் துறையில் 5 சிக்மாவுக்குக் குறைந்து கண்டுபிடிப்பு என்று சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். அது 35 லட்சத்தில் ஒன்று.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2015 டிசம்பரில் செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் இரண்டு குழுக்களும் இரட்டை ஃபோட்டான் (ஒளித்துகள்) வரைபடத்தில் 750 ஜிஇவி அருகே ஒரு மேட்டைக் காட்டின. அட்லஸில் அந்த இடத்தை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 3.9 சிக்மா, தேடிய பரப்பு முழுவதையும் கணக்கில் சேர்த்தால் சுமார் 2. குழுக்கள் இரண்டு எண்ணையும் சொன்னார்கள். வெளியே பரவியது பெரிய எண் மட்டும். சில மாதங்களில் நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தது. மேடு இல்லை. முன்பு தெரிந்தது வெறும் புள்ளியியல் ஏற்றம்.

உங்களுக்குக் கிடைத்த கோட்பாட்டுக் கட்டுரைக்கு வருகிறேன். இங்கே உண்மையிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். தரவைத் திறக்கும் முன்பே, ‘இந்த நிறையில், இந்த வரம்போடு பார்க்கப் போகிறேன்’ என்று எழுதி வைத்துவிட்டால், நீங்கள் தேடியது ஒரே சன்னல். அப்போது 50-ஆல் பெருக்க வேண்டியதில்லை. ஆயிரத்தில் ஒன்று என்பது ஆயிரத்தில் ஒன்றாகவே நிற்கும். ஆனால் எழுதிய தேதி முக்கியம். மேட்டைப் பார்த்த பிறகு கட்டுரையைத் தேடினால் அது முன்கணிப்பு ஆகாது. கோட்பாட்டுக் கட்டுரைகள் பலவும் ‘10-இலிருந்து 70 வரை எங்கும் இருக்கலாம்’ என்கிற மாதிரிதான் சொல்லும்; எந்த மேட்டுக்கும் பொருந்தும். உங்களுக்குக் கிடைத்த கட்டுரை 42 என்றே சொல்கிறதா, அல்லது 42 உள்ளடங்கிய ஒரு பட்டையைச் சொல்கிறதா என்று மறுபடி படியுங்கள். பட்டை என்றால் விதிவிலக்கு உங்களுக்கு இல்லை. 42 என்றே சொன்னாலும், வரம்பு 20 என்பதை நீங்கள் மேட்டைப் பார்த்த பிறகுதான் பிடித்துக்கொண்டீர்கள்; அப்போதும் இல்லை. இந்த விதிவிலக்கை நேர்மையாகப் பெற ஒரே ஒரு வழிதான் உண்டு: 2010 தரவை இடம் காட்ட மட்டும் வைத்துக்கொண்டு, நிறையையும் வரம்பையும் காகிதத்தில் எழுதிப் பூட்டிவிட்டு, இதுவரை தொடாத வேறு தரவில் பார்ப்பது. 2016-இல் சிஎம்எஸ் பதிவு செய்த தரவு 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது. எட்டு ஆண்டு தாமதம் என்பது அதிகம்தான், ஆனால் இன்று கையில் இருக்கிறது. 2010-இல் உண்மையாகவே ஒரு துகள் எட்டிப் பார்த்திருந்தால் அங்கே அது மலையாக நிற்கும்.

ஏற்கெனவே பார்த்தும் இருக்கிறார்கள். செர்னின் இன்னொரு குழுவான எல்எச்சிபி, இருண்ட ஃபோட்டான் என்ற கற்பனைத் துகளைத் தேடி, இரட்டை மியூவான் நிறையை 70 ஜிஇவி வரை அலசியது, ஒன்றும் கிடைக்கவில்லை. அதைவிட உங்களுக்கு நெருக்கமான வேலை ஒன்று 2019-இல் வெளிவந்தது. சிஎம்எஸ் குழுவில் இல்லாத ஜெஸ்ஸி தேலர், மேட் ஸ்ட்ராஸ்லர் முதலிய கோட்பாட்டாளர்கள் திறந்த தரவை வைத்தே இரட்டை மியூவான் மேடுகளைத் தேடினார்கள். புதிய துகள் இல்லை என்று முடிவு வந்தது, அது நல்ல இதழில் வெளியானது. ‘இங்கே இல்லை’ என்று சரியாகச் சொல்வதும் இந்தத் துறையில் முழு மதிப்புள்ள ஆய்வு.

இனி அந்த மின்னஞ்சல். துகள் இயற்பியலின் முக்கிய இதழ்கள் இந்தத் துறைக் கட்டுரைக்கு ஆசிரியரிடம் பணம் கேட்பதில்லை. ஸ்கோப்-3 என்ற கூட்டமைப்பு 2014 முதல் நூலகங்கள் வழியாக அந்தச் செலவை ஏற்கிறது. படிப்பவரும் காசு கொடுக்க வேண்டாம். ஆகவே இந்தத் துறையில் கட்டணமும் கடைசி நாளும் ஒன்றாக வந்தால், உங்கள் வரைபடத்தை யாரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்திருந்தால் முதல் கேள்வியே ‘வரம்பை மாற்றினீர்களா’ என்பதுதான். பணம் போவதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு: அந்தக் கட்டுரை உங்கள் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், நாளை முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது நேர்காணல் செய்பவர் அதைத்தான் முதலில் திறப்பார். செர்னில் பயிற்சி வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களும் இதே ரகம். செர்னின் கோடைக்கால மாணவர் திட்டத்தில் தேர்வானவர்களுக்கு அவர்கள்தான் செலவுப் பணம் தருகிறார்கள். விண்ணப்பம் நேரே அவர்கள் தளத்தில்.

இந்தத் தரகர்கள் பிழைப்பதற்குக் கட்டுரையைத் தலை எண்ணிப் பார்க்கும் தேர்வுக் குழுக்களும் பொறுப்பு. இளநிலை மாணவரிடம் ‘வெளியீடு உண்டா’ என்று கேட்பது அநியாயம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட நினைக்கிறீர்கள் என்பது புரிகிறது.

வெள்ளிக்கிழமை கடந்து போகட்டும். இன்று 10, 15, 20, 25 என்று நான்கு வரம்புகளுக்கும் நான்கு படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். மேடு 20, 30, 40, 50 என்று படிப்படியாக நகர்கிறதா பாருங்கள். நகர்ந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே உங்கள் திட்ட அறிக்கையில் சேருங்கள், வரம்பு எப்படி மேட்டைச் செய்கிறது என்ற விளக்கத்தோடு.