சபைக்கு என்ன பெயர் சூட்டலாம்? வேதத்தின் வெளிச்சத்தில் கேள்வி பதில்

கேள்வி: ஒரு வீட்டில் கூடி ஆராதித்து வந்த நாங்கள் இப்போது பெயர்ப்பலகை வைக்க இருக்கிறோம். சபைக்கென்று வேதம் ஒரு பெயரைக் கட்டளையிடுகிறதா?

பதில்: இல்லை, அப்படியொரு கட்டளை புதிய ஏற்பாட்டில் இல்லை. ஆனால் அப்போஸ்தலர்கள் சபையைக் குறிப்பிட்ட விதம் நமக்குப் போதுமான வழிகாட்டுதலைத் தருகிறது. கொரிந்துவிலே இருக்கிற 'தேவனுடைய சபை'க்கு எழுதும் பவுல், அதே நிருபத்தில் 'பரிசுத்தவான்களுடைய சபைகள்' என்றும், கலாத்தியா நாட்டுச் சபைகள் என்றும், ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டிலே கூடுகிற சபை என்றும் எழுதுகிறார். சபை யாருக்குச் சொந்தம், அது எங்கே கூடுகிறது, அதில் இருப்பவர்கள் யார் என்பவையே அவருக்கு முக்கியமாக இருந்தன. உங்களைப் போல வீட்டில் கூடியவர்களையும் அவர் சபை என்றே அழைத்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: ரோமர் 16:16-இன்படி 'கிறிஸ்துவின் சபை' என்பது மட்டுமே சரியான பெயர் என்கிறார்களே?

பதில்: அது அருமையான பெயர்தான். ஆனாலும் அந்த வசனத்தில் பவுல் பல ஊர்ச் சபைகளின் வாழ்த்தைத் தெரிவிக்கிறாரே தவிர, பெயர் சூட்டவில்லை. 'தேவனுடைய சபை' என்பதையே அவர் அதிகமாக எழுதியிருக்கிறார்.

இதில் வரலாறு தரும் பாடம் மனதை வருத்துகிறது. 1804-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பார்ட்டன் ஸ்டோன் என்ற போதகரும் அவருடைய தோழர்களும், பிரிவுப் பெயர்களே வேண்டாம் என்று தாங்கள் அமைத்திருந்த பிரெஸ்பிட்டரியை (பல சபைகளை மேற்பார்வையிடும் போதகர்கள், மூப்பர்களின் மன்றத்தை) கலைத்துவிட்டு, 'கிறிஸ்தவர்கள்' என்ற பெயரை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். 'சீஷர்கள்' என்ற பெயரை விரும்பிய அலெக்சாண்டர் கேம்பலின் கூட்டத்தாரோடு 1832-இல் லெக்சிங்டன் நகரில் ஒன்றுசேர்ந்தார்கள். ஆனால் ஆராதனையில் இசைக்கருவிகள், மிஷனெரிச் சங்கங்கள் ஆகியவற்றைக் குறித்த கருத்து வேறுபாடு முற்றியதால், 1906-ஆம் ஆண்டின் அரசு மதக் கணக்கெடுப்பில் 'கிறிஸ்துவின் சபைகள்', 'கிறிஸ்துவின் சீஷர்கள்' என இரு பிரிவுகளாகப் பதிவானார்கள். பெயர் வேதத்தில் இருந்து எடுக்கப்பட்டதாக இருந்தும், அது பிரிவினையைத் தடுக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் லுத்தரன் போன்ற பெயர்கள் பாவமா?

பதில்: 'நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்றவர்களைப் பவுல் கண்டித்தது (1 கொரிந்தியர் 1:12) நாம் அறிந்ததே. மார்ட்டின் லுத்தரும், தம் பெயரால் யாரும் அழைக்கப்பட வேண்டாம், தாம் யாருக்காகவும் சிலுவையில் அறையப்படவில்லை என்று 1522-இல் மன்றாடி எழுதினார். ஆகவே மனிதர் பெயரைத் தவிர்ப்பதே நல்லது. ஆயினும் பல தலைமுறைகளாக அப்பெயரைச் சுமந்து வரும் சகோதரர்களை நியாயந்தீர்க்க நமக்கு உரிமையில்லை. 'நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்' என்பதையும் பவுல் அதே வசனத்தில் கட்சிக் குரல்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறார்.

கேள்வி: 'கிறிஸ்தவர்கள்' என்பது வேதத்தில் உள்ள பெயர்தானே?

பதில்: ஆம். அந்தியோகியாவில் சீஷர்களுக்கு அப்பெயர் முதலில் வழங்கிற்று (அப்போஸ்தலர் 11:26). ஆனால் அது விசுவாசிகளுக்குரிய பெயர்; சபைக்குச் சூட்டப்பட்ட பெயரல்ல.

கேள்வி: ஊர்ப்பெயரைச் சேர்க்கலாமா? பதிவு செய்யும்போது எப்படி எழுதுவது?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட மரபினர் ஒன்றிணைந்தபோது, எந்த மரபின் பெயரையும் சூட்டாமல் 'தென்னிந்தியத் திருச்சபை' என்று நிலப்பரப்பின் பெயரையே வைத்தார்கள். நீங்களும் ஊர்ப்பெயரோடு 'தேவனுடைய சபை' அல்லது 'கிறிஸ்துவின் சபை' என்று எழுதலாம்; ஏற்கெனவே அப்பெயரில் இயங்கும் அமைப்பு உண்டா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஊழியரின் பெயர் அறக்கட்டளைப் பத்திரத்தில் நிர்வாகிகள் பட்டியலில் இருந்தால் போதும், பலகையில் வேண்டாம்.