இங்கிலாந்தா, ஜெர்மனியா: எந்த அரசு எவ்வளவு போடுகிறது?

சார், சனிக்கிழமை நீங்கள் வீட்டுப் பத்திரத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது, "கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிக்கப்போகும் உங்கள் பெண்ணுக்கு இங்கிலாந்தில் ஓராண்டு பிசினஸ் அனலிட்டிக்ஸ், அதாவது வியாபாரத் தரவுகளை அலசும் படிப்பு. எல்லாம் சேர்த்து 35 லட்சம் என்றீர்கள். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும், அதற்குத்தான் பத்திரம். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டதற்கு, உங்கள் மச்சினர் மகன் அங்கே போனான் என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

கல்லூரியின் ரேங்க்கை எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த நாட்டு அரசு உயர்கல்விக்கு எவ்வளவு போடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் மொத்தச் செலவில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு அரசுப் பணம். பிரிட்டனில் அது கால் பங்கு அளவுதான். இங்கிலாந்தில் உள்ளூர் இளநிலை மாணவர் கட்டணத்துக்கு அரசே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-இல் 9,250 பவுண்டாக இருந்தது, எட்டு வருஷம் அசையாமல் கிடந்து 2025-இல்தான் 9,535 ஆனது. விலைவாசி ஏறியதில் விழுந்த பள்ளத்தைப் பல்கலைக்கழகங்கள் எதை வைத்து மூடும்? வெளிநாட்டு மாணவருக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. உங்கள் வீட்டை அடகு வைத்து அந்தப் பள்ளத்தை நிரப்புவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஜெர்மனியும் கட்டணம் வாங்கிப் பார்த்த நாடுதான். 2006, 2007 வாக்கில் சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வாங்கின. எதிர்ப்பு கிளம்பியது, ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியாக 2014-இல் லோயர் சாக்சனியும் விட்டது.

நான் சொல்ல வருவது ம்யூனிக் போன்ற பெரிய பெயர்களை அல்ல. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் இப்போது கட்டணம் வாங்குகிறது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலமும் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நம் ஊரில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது: ஹோக்‌ஷூலே என்னும் செயல்முறைப் பல்கலைக்கழகங்கள். அங்கே பேராசிரியர் ஆக வேண்டுமானால் பொதுவாக ஐந்து வருஷ வேலை அனுபவம் வேண்டும், அதில் மூன்று வருஷமாவது பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். பட்டறையில் கை வைத்தவர்தான் பாடம் எடுப்பார். மாஸ்டர்ஸ் ஆய்வுத் திட்டத்தையே ஒரு கம்பெனிக்குள் உட்கார்ந்து செய்யலாம். துரிங்கியா மாநிலத்தில் ஷ்மால்கால்டன் என்று ஒரு சின்ன ஊர், கருவித் தயாரிப்பில் பழம்பெயர் உள்ள பகுதி. அங்குள்ள ஹோக்‌ஷூலேயில் மெகட்ரானிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவியலும் சேர்ந்தது), ரோபாட்டிக்ஸ் மாஸ்டர்ஸ் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. சின்ன ஊர் என்றால் வாடகையும் குறைவு.

மதிப்பெண்ணை ஜெர்மனியில் தலைகீழாகப் பார்ப்பார்கள், 1 தான் உச்சம். உங்கள் பெண்ணின் பத்துக்கு 7.8-ஐ, தேர்ச்சிக்கு 5 என்று வைத்து அவர்கள் சூத்திரத்தில் போட்டால் 2.3 வருகிறது. பல படிப்புகள் 2.5 வரை ஏற்கும்.

செலவே இல்லையா என்றால், இருக்கிறது. முடக்கக் கணக்கில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிவைக்கும் வங்கிக் கணக்கில், ஒரு வருஷச் சாப்பாடு, வாடகைக்காக 11,904 யூரோ காட்ட வேண்டும், ஏறக்குறைய 12 லட்சம். அது கட்டணம் அல்ல, உங்கள் பணமே மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். மாணவர் சேவைகளுக்காக ஒவ்வொரு செமஸ்டரும் கட்டும் செமஸ்டர் பங்களிப்பு தனி. பார்ட் டைம் வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு, ஆனால் பரீட்சை நேரத்தில் அது கைகொடுக்காது. இரண்டாம் வருஷத்துக்கும் பணம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் ஒரு வருஷம் இங்கே வேலை பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஏஜென்ட் இதையெல்லாம் சொல்லமாட்டார். அரசுப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு கமிஷன் பெரும்பாலும் கிடையாது. ஜெர்மனி என்றாலே தனியார் கல்லூரி ஒன்றை நீட்டுவார், ஏமாந்துவிடாதீர்கள். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் வேலைக்கு ஜெர்மன் வேண்டும். பி1 என்னும் நடுத்தர நிலை வரையாவது இங்கேயே முடித்துவிடுவது நல்லது. படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், அந்த மாதங்களை மொழி கற்பதில் செலவழிக்கக் கூடாது.

இன்னொன்று. நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் போனில் எனக்கு ஒரு வீடியோ காட்டினாள், கல்லூரிப் பட்டறையில் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டுவது. நாற்பது நிமிஷத்தில் அவள் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். அனலிட்டிக்ஸ் பற்றி நீங்கள் பேசினீர்கள், மச்சினர் போனில் பேசினார், அவள் பேசவில்லை. அந்தப் படிப்புக்கு நான் பரிந்துரை எழுதித் தரமாட்டேன்.

குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி, சில இடங்களில் அதற்கும் முன்னால். ஏபிஎஸ் வரவே வாரக்கணக்கில் ஆகும். வரும் சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலும் நாலு வருஷப் பாடத்திட்டமும் கொண்டுவரட்டும். பத்திரம் வேண்டாம்.